ஒரே ஒரு இடம்: பெண்கள் கால்பந்தில் கோல்கீப்பராக உருவாவதற்கான முழு வழிகாட்டி

கால்பந்து அணியில் பத்துப் பேரை இடம் மாற்றி ஆடவைக்கலாம். விங்கில் ஓடுபவரை பேக்கில் நிறுத்தலாம், நடுவில் ஆடுபவரைக் கடைசி இருபது நிமிடம் ஸ்ட்ரைக்கராக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. அணியில் மூன்று கீப்பர்கள் இருந்தாலும் களம் இறங்குவது ஒருவர்தான். மற்ற இருவரும் சீசன் முழுக்க ஒரு நிமிடம்கூட ஆடாமல் போகலாம்.

இந்தத் தொழிலில் எடுக்கிற எல்லா முடிவுகளும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் அலிசா நேயர் 2015 உலகக் கோப்பைக்கு மூன்றாவது கீப்பராகப் போனார், ஆடவே இல்லை. 2019 உலகக் கோப்பையில் முதல் கீப்பராக நின்றபோது வயது 31. அரையிறுதியில் இங்கிலாந்தின் ஸ்டெஃப் ஹூட்டன் அடித்த பெனால்டியைப் பிடித்தார். ஜெர்மனியின் ஆன்-கட்ரின் பெர்கர் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியதே 30 வயதில். ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கையை வைத்துக் கீப்பரின் வாழ்க்கையை அளந்தால் 20 வயதிலேயே மனம் விட்டுப்போகும்.

எந்த வயதில் கோலுக்குள் நிறுத்துவது?

12 வயதுவரை எந்தப் பெண்ணையும் முழுநேரக் கீப்பராக்க வேண்டாம். பாதிப் பயிற்சி கோலில், மீதி மைதானத்தில் என்று பிரித்துவிடுங்கள். இன்றைய கீப்பருக்குக் கைக்கு இணையாகக் காலும் வேண்டும். பாஸ் வாங்குவது, திரும்புவது, நெருக்கடியில் நிதானமாக இருப்பது ஆகியவை மைதானத்தில் ஆடித்தான் வரும். "இவளுக்கு ஓட வராது, கோல்ல நில்லு" என்று தள்ளிவிடப்பட்டுக் கீப்பரானவர்களுக்குப் பிற்காலத்தில் முதலில் காலை வாருவது இந்தக் குறைதான்.

நம் ஊர்களில் நடக்கும் இன்னொரு தவறு, சின்னப் பிள்ளையை முழு அளவு கோலில் நிறுத்துவது. பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பதினொரு வயதுப் பெண்ணால் அந்தக் கிராஸ்பாரை எட்ட முடியாது. தலைக்கு மேல் போகிற ஒவ்வொரு பந்தும் கோலானால், எட்டாத பந்துக்குக் குதிப்பதையே விட்டுவிடுவாள். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும். 9 பேர் ஆட்டத்துக்கு உரிய கோல் 4.88 மீட்டர் அகலம், 2.13 மீட்டர் உயரம். அந்த கோல் இல்லையென்றால் பெரிய கோலுக்குள் இரண்டு கோன் வைத்து அகலத்தைக் குறைத்து, உயரத்துக்குக் கயிறு கட்டிக்கொள்ளலாம். பந்தும் 13 வயதுவரை 4ஆம் எண் போதும். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு. சின்னக் கைக்கு அது பெரிது.

கிளவுஸ்

உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி, கட்டைவிரலை விட்டுவிட்டு, அங்குலத்தில் அளந்து, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி, அதோடு ஒன்றைக் கூட்டினால் உங்கள் அளவு கிடைக்கும். பெரும்பாலான பெண்களுக்கு 7 முதல் 9க்குள் வரும். விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் இடையே அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. இடம் இருக்கட்டும். அதைவிடக் கூடினால் விரல் உள்ளே வழுக்கும், பந்து கையில் நிற்காது.

உள்ளங்கை லேடெக்ஸ் மென்மையாக இருந்தால் பிடிப்பு அருமையாக இருக்கும், ஆனால் செம்மண் மைதானத்தில் சீக்கிரம் உரிந்து வந்துவிடும். அதனால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கடினமான, மலிவான ஒன்று பயிற்சிக்கு. மென்மையானது ஆட்டத்துக்கு மட்டும். ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையைத் தண்ணீரில் லேசாக நனையுங்கள், காய்ந்த லேடெக்ஸ் பிடிக்காது. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் மண் போகக் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் லேடெக்ஸ் வெடிக்கும். இரண்டு உள்ளங்கையையும் ஒட்டவைத்துப் பையில் திணித்தால் மறுநாள் பிரிக்கும்போது தோலோடு வரும்.

செம்மண் மைதானத்தில் ஆடுபவர் இடுப்பில் பஞ்சு வைத்த ஷார்ட்ஸும் முழங்கையில் கார்டும் போடத் தயங்கக் கூடாது. இடுப்பு எலும்பில் மாறாத சிராய்ப்பு இருக்கும் பெண் அந்தப் பக்கம் விழவே மாட்டாள். எதிரணி அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

எங்கே நிற்பது: கீப்பிங்கின் பாதி இதுதான்

பார்வையாளர்கள் கைதட்டுவது பாய்ந்து பிடிக்கும் பந்துக்கு. பயிற்சியாளர் பார்ப்பது பாய வேண்டிய தேவையே இல்லாமல் போன பந்தை.

ஸ்ட்ரைக்கர் கோலுக்கு நேரே, பெனால்டி ஏரியாவின் கோட்டில், 16.5 மீட்டரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கோல் கோட்டிலேயே நின்றால் காக்க வேண்டிய அகலம் 7.32 மீட்டர். 3 மீட்டர் முன்னே வந்தால் அது சுமார் 6 மீட்டராகச் சுருங்கும். 5 மீட்டர் வந்தால் 5.1 மீட்டர். ஆனால் முன்னே வருவதற்கு ஒரு விலை உண்டு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து கோட்டில் நிற்பவரை அடைய 0.74 நொடி ஆகும்; 5 மீட்டர் முன்னே நிற்பவரை 0.52 நொடியில் அடைந்துவிடும். கூடவே தலைக்கு மேல் தூக்கிப் போடும் ஆபத்தும் இருக்கிறது. அகலம், நேரம், உயரம் மூன்றையும் ஒவ்வொரு நொடியும் பேரம் பேசுவதுதான் இந்த வேலை.

பெண்கள் ஆட்டத்தில் இந்தப் பேரம் இன்னும் நுட்பமானது. கோல் அளவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றே. சராசரி உயரம் ஒன்றல்ல. சிலியின் கிறிஸ்டியானே எண்ட்லர் 1.82 மீட்டர். இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸ் சுமார் 1.73 மீட்டர்தான், ஆனாலும் 2023 உலகக் கோப்பையின் சிறந்த கீப்பர் அவர். உயரம் குறைந்தவர் தூரத்து ஷாட்டுக்கு ஒரு மீட்டர் பின்னால் நின்று, ஸ்ட்ரைக்கர் தனியாக ஒற்றைக்கு ஒற்றை வரும்போது மற்றவர்களைவிட ஒரு கணம் முன்பே கிளம்ப வேண்டும். உயரத்தை வைத்து மட்டும் பெண்களைக் கழித்துக்கட்டும் பயிற்சியாளருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதைப் பழக ஒரு எளிய வழி: இரண்டு போஸ்டின் அடியிலும் நீளமான கயிறு கட்டி, மறுமுனைகளைப் பந்திருக்கும் இடத்தில் சேருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். கீப்பர் இரு கயிற்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். பந்தைப் பத்து இடங்களுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி இடத்துக்கு வந்து, பிறகு திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் அருகிலுள்ள போஸ்ட் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருப்பார்கள். வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம், இரண்டு மாதம் செய்தால் உடம்பே இடத்தைக் கண்டுபிடிக்கும்.

நிற்பது, பிடிப்பது, விழுவது

கால்கள் தோள் அகலம், எடை பாதத்தின் முன்பகுதியில், கைகள் இடுப்பு உயரத்தில் உடலுக்கு முன்னால். ஷாட் அடிக்கும் கணத்துக்கு முன் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி, கால் அடிக்கிற அந்த நொடியில் இரு பாதமும் தரையில் இருக்க வேண்டும். துள்ளல் பெரிதானால் பந்து கிளம்பும்போது நீங்கள் காற்றில் இருப்பீர்கள். தூரத்து ஷாட்டில் "ஏன் அசையவே இல்லை?" என்று திட்டு வாங்கும் கீப்பர்களில் பலர் செய்யும் தவறு இது.

மார்புக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் நெருங்கி, விரல்கள் விரிந்து, டபிள்யூ வடிவம். இடுப்புக்குக் கீழே என்றால் சுண்டுவிரல்கள் நெருங்கி, உள்ளங்கை மேல் நோக்கி அள்ளுவது. நடு உயரத்தில் வரும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிடியிலும் முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். விறைத்த கையில் பட்ட பந்து ஸ்ட்ரைக்கரின் காலுக்கே போகும்.

டைவுக்குப் பந்தின் பக்கமுள்ள கால் முதலில் போக வேண்டும், பக்கவாட்டில் அல்ல, சாய்வாக முன்னோக்கி. கைகள் முதலில், உடல் பிறகு. தரையைத் தொடும் வரிசை: தொடையின் பக்கம், இடுப்பு, தோள். முழங்கையை ஊன்றினால் தோளுக்கு ஆபத்து, வயிற்றில் விழுந்தால் மூச்சு அடைக்கும். பிடித்த பந்தில் ஒரு கை பின்னால், ஒரு கை மேலே. தரைதான் மூன்றாவது கை. கற்றுக்கொடுக்கும்போது உட்கார்ந்த நிலையில் தொடங்கி, முழங்காலில், குந்தி, நின்று என்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். முதலில் மணல் குழியிலோ புல்லிலோ.

பிடிக்க முடியாததைத் தட்டிவிடுவதென்றால் பக்கவாட்டில், போஸ்டுக்கு வெளியே. நேராக முன்னே விட்டால் அது ஸ்ட்ரைக்கருக்குப் போட்ட பாஸ்.

ஒரு செட்டுக்கு 6 முதல் 8 ஷாட், பிறகு ஒரு நிமிட ஓய்வு. ஒரு பயிற்சியில் மொத்தம் 50 டைவுக்கு மேல் போக வேண்டாம். முப்பது பந்தை மூச்சுவிடாமல் அடித்துக் கீப்பரை உருளவைப்பது காணொளிக்கு அழகாக இருக்கும்; களைத்த உடம்பு கற்றுக்கொள்வது தவறான டைவைத்தான்.

கிராஸும் குரலும்

இளம் கீப்பர்கள் ஆட்டத்தை இழப்பது பெரும்பாலும் கிராஸில், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் பந்தில். பந்து எங்கே விழும் என்று தெரிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள், அல்லது பாதி வந்து தயங்குவார்கள். பாதி வந்து நிற்பதுதான் இரண்டிலும் மோசம். பந்தின் பாதையைப் படியுங்கள், பிறகு முடிவெடுங்கள், பிறகு கத்துங்கள், கடைசியில் கிளம்புங்கள். வருவதானால் "கீப்பர்!", வராவிட்டால் "அவே!" (தூர அடி). ஒரே சொல், ஒரே முறை, பக்கத்து மைதானத்துக்குக் கேட்கும் அளவுக்கு. ஒற்றைக் காலில் எழும்பி, எதிராளி பக்கமுள்ள முழங்காலை மடக்கி உயர்த்துங்கள். அது உங்களுக்குக் காவல். பந்தைத் தலைக்கு முன்னால், உச்சத்தில் எடுக்க வேண்டும். கூட்டத்தில் பிடிக்க முடியாதென்றால் இரு கைமுட்டியாலும் உயரமாக, தூரமாக, ஓரமாகக் குத்துங்கள்.

"சத்தம் போடாதே" என்று வளர்க்கப்பட்ட பெண்களுக்கு இது பந்து பிடிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. கத்துவதையும் தனிப் பயிற்சியாகவே வையுங்கள். பின்னாலிருந்து முழு மைதானத்தையும் பார்ப்பவர் கீப்பர் ஒருவர்தான். "இடது பக்கம் ஆள்" என்பது உதவும்; "பாரு, பாரு" என்பது யாருக்கும் உதவாது.

கால்

சக வீராங்கனை வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தையும், த்ரோ-இன்னில் நேராக வந்த பந்தையும் கையால் தொடக் கூடாது. தொட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதனால் இரண்டு காலாலும் 25 மீட்டர் தரைப் பாஸும், பழகிய காலால் 40 மீட்டர் உயரப் பாஸும் 17 வயதுக்குள் வந்துவிட வேண்டும். தினமும் சுவரில் நூறு பாஸ், அதில் அறுபது பலவீனமான காலால். பந்து வருவதற்கு முன் இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல கால் இருந்தும் பயனில்லை.

2025 ஜூலையில் வந்த விதியையும் மறக்க வேண்டாம். பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். முன்னே இருக்கும்போது பந்தின் மேல் படுத்து நேரம் கடத்தும் பழைய வித்தை இனிமேல் ஆபத்து.

பெனால்டி

11 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. பந்து அரை நொடியில் வந்துவிடும். பார்த்துப் பாய நேரமில்லை, முன்பே பாய்ந்தால் எதிராளி பார்த்துவிடுவார். இடையில் இருக்கும் சிறிய ஜன்னல், அடிப்பவர் ஊன்றுகாலை வைக்கும் கணம். ஊன்றிய பாதம் எங்கே பார்க்கிறது, இடுப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். எதிரணியின் பெனால்டிகளைத் தாளில் குறித்து வையுங்கள்: யார், எந்தப் பக்கம், நின்று அடித்தாரா ஓடி அடித்தாரா.

பந்தை அடிக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மீதோ, கோட்டுக்கு நேர் மேலேயோ, பின்னாலோ இருக்க வேண்டும். மீறிப் பிடித்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள். முதல் முறை எச்சரிக்கை, அடுத்தது மஞ்சள் அட்டை. 1999 உலகக் கோப்பை இறுதியில் அமெரிக்காவின் பிரியானா ஸ்கரி சீனாவின் லியூ யிங்கின் பெனால்டியைத் தடுத்தபோது கோட்டைவிட்டு நன்றாகவே முன்னே வந்திருந்தார். அன்றும் அது விதிமீறல்தான், நடுவர் விட்டுவிட்டார். வீடியோ நடுவர் இருக்கும் ஆட்டங்களில் அந்தச் சலுகை கிடையாது. போஸ்டைத் தட்டுவது, அடிப்பவரைச் சீண்டுவது, நேரம் இழுப்பது ஆகியவையும் இப்போது தடை.

தட்டியதும் ஆட்டம் முடிந்ததாக நினைக்காதீர்கள். 2023 உலகக் கோப்பையில் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஸ்வீடனின் லினா ஹூர்டிக் அடித்ததை நேயர் தட்டினார், பந்து சுழன்று மேலே போய்த் திரும்பி வந்து மில்லிமீட்டர் கணக்கில் கோட்டைக் கடந்தது. அமெரிக்கா வெளியேறியது. ஷூட்-அவுட்டில் நீங்களே அடிக்கவும் பழகுங்கள்: அதே ஆட்டத்தில் நேயர் தன் பெனால்டியை கோலாக்கினார், பெர்கர் 2024 ஒலிம்பிக் காலிறுதியில் கனடாவுக்கு எதிராக இரண்டைத் தடுத்து, வெற்றிப் பெனால்டியையும் தானே அடித்தார்.

உடம்பு

முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். கிழிந்தால் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் போகும். ஒரே இடத்துக்கு மூவர் காத்திருக்கும் தொழிலில் ஒன்பது மாதம் என்பது இடத்தையே விட்டுக்கொடுப்பது. ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் இலவசமாகக் கிடைக்கிறது: 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். வாரம் இரண்டு முறையாவது, வருடம் முழுக்கச் செய்தால்தான் பலன். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிகிறதா என்று முன்னாலிருந்து போனில் படமெடுத்துப் பாருங்கள். மடிந்தால் உயரம் தாண்டும் பயிற்சியை நிறுத்தி, ஒற்றைக்கால் குந்துதலும் மென்மையாக இறங்குவதும் சரியாகும்வரை அதையே செய்யுங்கள்.

தலையில் அடிபட்டால் அன்று அவ்வளவுதான், வெளியே வந்துவிட வேண்டும். "பரவாயில்லை, ஆடுறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்கரியின் ஆட்ட வாழ்க்கை 2010இல் தலையில் வாங்கிய ஒரு மோதலோடு முடிந்தது.

பெண்களுக்கு இன்னொன்று: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய பல பெண்களுக்கு இருந்தது இரும்புச்சத்துக் குறைவுதான். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதை வசதியாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம், அடுத்து எலும்பு பலவீனமாகும்.

இந்தியாவில் ஏணி

பள்ளி, மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய சப்-ஜூனியர், ஜூனியர் போட்டிகள். தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் பள்ளி மாணவிகளைத் தேர்வு வைத்து எடுக்கின்றன. மூத்தோர் தேசியப் போட்டியான ராஜமாதா ஜிஜாபாய் கோப்பையில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் பட்டம் வென்றிருக்கிறார்கள். இந்திய மகளிர் லீக்கை 2018-19இல் மதுரையின் சேது எஃப்சி வென்றது. மாநில அணிக்குள் நுழைவதே இங்கே கடும் போட்டி என்பதற்கு இதுவே சான்று.

கணக்கைப் பாருங்கள். 2024-25 மகளிர் லீக்கில் 8 அணிகள். அதாவது நாடு முழுவதற்கும் முதல் கீப்பர் இடம் எட்டு. ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம். வருடத்துக்கு 14 ஆட்டத்தில் எந்தக் கீப்பரும் முதிர முடியாது. அதனால் இரண்டாம் நிலை லீக், மாநில லீக், பல்கலைக்கழகப் போட்டி என எல்லாவற்றையும் சேர்த்து 25 ஆட்டமாவது கிடைக்கும்படி ஆண்டைத் திட்டமிடுங்கள். பெரிய அணியின் பெஞ்சா, சிறிய அணியின் கோலா என்ற கேள்வி வந்தால் 22 வயதுவரை சிறிய அணியின் கோலே மேல்.

வெளிநாட்டுப் பாதைக்கு அதிதி சௌகான் நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கப் போய், 2015இல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் சேர்ந்தார். பின்னர் கோகுலம் கேரளாவுக்கு ஆடி, 2025இல் ஓய்வு பெற்றார். படிப்பு வழியாகப் போனால் விசாவுக்கும் செலவுக்கும் ஒரு பிடிமானம் உண்டு, கால்பந்து கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டு கிளப்புக்கு மாறுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிரத் தடைசெய்கிறது. "பதினாறு வயதில் ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

காணொளி, ஒப்பந்தம்

நான்கு நிமிடக் காணொளி போதும். அதில் பாய்ந்து பிடித்தவை ஒரு நிமிடம், கிராஸ் ஒரு நிமிடம், ஒற்றைக்கு ஒற்றை அரை நிமிடம், மீதி முழுக்கக் கால். பாட்டுப் போடாதீர்கள், உங்கள் குரல் கேட்கட்டும். கூடவே இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பை அனுப்புங்கள், அதில் ஒன்று நீங்கள் கோல் வாங்கிய ஆட்டமாக இருக்கட்டும். கோல் விழுந்த அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை: கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர் வாரம் எத்தனை நாள் வருகிறார்? ஏற்கெனவே எத்தனை கீப்பர்கள், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? காயப்பட்டால் சம்பளமும் அறுவைச் சிகிச்சையும் யார் பொறுப்பு? தங்குமிடம் எத்தனை பேருக்கு ஒரு அறை? பதில் எதுவானாலும் எழுத்தில் வேண்டும், கையெழுத்திட்ட பிரதி உங்களிடமும் வேண்டும். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, 18 வயதுக்குக் கீழே மூன்று ஆண்டு. பேறுகாலத்துக்குக் குறைந்தது 14 வாரச் சம்பள விடுப்பு 2021 முதல் விதியாகவே இருக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது.

பெஞ்சில் இருக்கும் வருடங்கள்

இரண்டாவது கீப்பரின் வாரம் முதல் கீப்பரின் வாரத்தைவிடக் கடினமானது. ஆட்டநாளில் ஓடாத ஓட்டத்தை மறுநாள் தனியாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் திடீரென்று இறங்கும் நாளில் அறுபதாவது நிமிடத்தில் கால் பிடித்துக்கொள்ளும். வார்ம்-அப்பை முழுதாகச் செய்யுங்கள், இடைவேளையிலும் இரண்டாம் பாதி நடுவிலும் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். பெஞ்சில் உட்கார்ந்து எதிரணியின் கார்னரில் யார் எங்கே ஓடுகிறார்கள் என்று எழுதி முதல் கீப்பரிடம் கொடுங்கள். அவர் போட்டியாளர்தான், ஆனால் உங்களுக்கு நல்ல ஷாட் அடித்துத் தரக்கூடியவரும் அவர்தான். ஒரு முழு வருடம் ஒரு நிமிடமும் கிடைக்கவில்லையென்றால் கடனாக வேறு கிளப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது வருடமும் அப்படியே போனால் கிளம்பிவிடுங்கள். மேரி ஏர்ப்ஸுக்கு 2019க்குப் பிறகு சுமார் இரண்டு ஆண்டு இங்கிலாந்து அணியில் ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த நாட்களிலும் தன் கிளப்பில் முதல் கீப்பராக ஆடிக்கொண்டிருந்ததால்தான் 2021இல் புதிய பயிற்சியாளர் வந்ததும் அழைப்பு வந்தது.

ஆடி முடித்த பிறகு

கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் வாங்கி, அசலையும் நகலையும் தனித்தனியாக வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அங்கே பேசுவது காகிதம் மட்டும்தான். பல வருடம் கழித்துச் சங்க அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

பயிற்சியாளராக வேண்டுமானால் ஆடிக்கொண்டிருக்கும்போதே அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமத்தை முடித்துவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகு கீப்பர் பயிற்சிக்கான ஆசியக் கூட்டமைப்பின் முதல்நிலைப் படிப்புக்குப் போகலாம். கீப்பர்களுக்கென்று பெண் பயிற்சியாளர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. மாவட்ட அளவில் பெரும்பாலான அணிகளில் கீப்பருக்குப் பந்து அடித்துத் தருவது அன்றைக்குக் காயத்தில் இருக்கும் யாராவது ஒரு வீராங்கனைதான்.